வாய்ப்பேச்சில் வாங்கிய 6 சென்ட்

கொட்டகை எழுதியது:

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். வீட்டை ஒட்டிப் பங்காளி சித்தப்பாவுக்கு 6 சென்ட் இடம் இருந்தது. 2016இல் ஆடி கழிந்ததும் அதை வாங்கிக்கொள்வதாக அப்பாவும் அவரும் சென்ட் 40 ஆயிரம் என்று பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அச்சாரம் 50 ஆயிரம், ரொக்கமாக. கூட்டுப் பட்டா என்பதால் தனிப்பட்டா வந்ததும் கிரயம் என்று பேச்சு. "அண்ணன் தம்பிக்குள்ள என்னத்துக்கு எழுத்து?" என்று சொன்னதே எங்கள் அப்பாதான். தை மாதம் சித்தப்பா மகளின் கல்யாணச் செலவுக்கு இன்னும் 1 லட்சம் போனது, அது மட்டும் வங்கி வழியாக. இடம் நம்முடையதுதானே என்று மாட்டுக் கொட்டகையும் போட்டுவிட்டோம்.

2018இல் ஊருக்கு வெளியே ரோடு அகலமானது, விலையும் ஏறியது. சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அது கைமாத்தா வாங்கினது, இடத்துக்கு இல்ல."

வக்கீலிடம் போனோம். வாய்ப்பேச்சு செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டாகப் பிரித்துச் சொன்னார். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம், பதிவு செய்த பத்திரத்தால்தான் நடக்கும். 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவு. ஆனால் 'விற்கிறேன்' என்று ஒப்புக்கொள்வது வேறு. அது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பிரிஜ் மோகன் - சுக்ரா பேகம் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறதாம். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மீதி உயிரை அடுத்த கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டார். அதே தீர்ப்பில், நிரூபிக்கும் பாரம் முழுக்கக் கேட்பவர் தலையில் என்றும் இருக்கிறது. அப்பாவைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். எந்தத் தேதி பேசினீர்கள்? பாக்கி 90 ஆயிரம் எப்போது தருவதாகப் பேச்சு? பத்திரச் செலவு யாருடையது? நான்கு எல்லை என்ன? கூட இருந்தது யார்? அப்பா ஒவ்வொன்றுக்கும் "அதெல்லாம் பேசிக்கல சார்" என்றார். கூட இருந்த ஒரே ஆள் எங்கள் அம்மா, அதுவும் அடுப்படியில். கையில் இருந்தது அப்பா தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதிய '50,000 தம்பிக்கு' என்ற கிறுக்கலும், பாஸ்புக்கில் ஒரு வரியும். இரண்டிலும் இடத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"கொட்டகை இருக்கே சார், இடம் எங்கள் அனுபவத்தில்தானே இருக்கு?" என்றேன். அதைக் காப்பாற்றும், அதே சட்டத்தின் 53ஏ பிரிவுக்கு எழுத்து வேண்டும், 2001க்குப் பிறகு அந்த எழுத்து பதிவும் ஆகியிருக்க வேண்டும் என்றார். ஆக, கொட்டகை மாட்டுக்கு மட்டும்தான் நிழல்.

ஏற்றதை ஆற்றச் சொல்லியும், அதாவது பேசியபடி கிரயம் செய்து தரச் சொல்லியும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் நோட்டீஸ் விட்டோம். கோர்ட் வரை போகவில்லை. நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி 1.5 லட்சம் வந்தது, வட்டி இல்லாமல். இடம் போச்சு.

தாமிரபரணி எழுதியது:

அண்ணா, என் கதை நிலம் இல்லை, கடன். 2014இல் கூட வேலை பார்த்தவருக்கு 80 ஆயிரம் கைமாற்று, புரோநோட்டு கிடையாது. கடன் வாயால் கொடுத்தாலும் செல்லும், ஆனால் 3 வருடத்துக்குள் கேஸ் போட வேண்டும். நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் "அடுத்த தைக்கு அக்கா" என்பதைக் கேட்டுக்கொண்டே 2018 வரை வந்துவிட்டேன். காலாவதி. அதன்பிறகு அவர் ஆயிரம் முறை "தந்துடுறேன்" என்றாலும் அது வெறும் காற்று; 1872 ஒப்பந்தச் சட்டம் 25(3)படி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். 'பாக்கி இருக்கிறது' என்று எழுதுவதும் போதாது, 'தருகிறேன்' என்று இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு காபி, ஒரு தட்டு முறுக்கு. கிளம்ப மாட்டேன் என்று தெரிந்ததும், அவர் மகளின் ரூல்டு நோட்டில் ஒரு பக்கம் கிழித்து நான் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏழு தவணையில் முழுசாக வந்தது.

பனங்கிழங்கு எழுதியது:

உங்கட பக்கம் காணியை வாயால் பேசினாலும் வழக்குப் போடவாவது இடம் இருக்கு. யாழ்ப்பாணத்தில அதுவும் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டம்: விற்கிறேன் எண்டு குடுக்கிற வாக்கே எழுத்தில, நொத்தாரிசுக்கும் (உங்கட நோட்டரி மாதிரி) இரண்டு சாட்சிக்கும் முன்னால கையெழுத்தாக வேணும். இல்லாட்டி சட்டத்தில ஒரு பெறுமதியும் இல்லை. என்ர மாமா கனடாவில இருந்து 2 பரப்புக் காணிக்குக் காசு அனுப்பினவர், கைச்சாத்து ஒரு கொப்பித் தாளில. மதில் கட்டி, கிணறு இறைச்சு, தென்னை வைச்சு எட்டு வருஷம். உரிமையாளர் செத்த பிறகு பிள்ளையள் காணியைக் கேட்டினம். அப்பிடி இருந்து ஆண்டதால மட்டும் உரித்து வராதாம். குடுத்த காசைக் கேட்கலாம், அவ்வளவுதான். தென்னை காய்ச்சுக் கிடக்கு, இளநீர் குடிக்கிறது அவை.

முத்திரைத்தாள் எழுதியது:

பத்திரம் எழுதுவதுதான் என் தொழில். கொட்டகை தம்பி கதையில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தை எழுதினால் பதிவு செய்தே ஆக வேண்டும். எழுதவே இல்லையென்றால் பதிவுச் சட்டம் எட்டிப்பார்க்காது. அதற்காகப் பதிவாகாத தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஏற்றதை ஆற்றும் வழக்கில் அதைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023இல் ஹேமலதா - கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் '20 ரூபாய் பத்திரத்தில் எழுதிட்டோம் சார், போதும்ல?' என்றுதான் கேட்பார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

கொட்டகை எழுதியது:

அந்த 20 ரூபாய்க்குத்தான் அப்பா அன்றைக்குக் கோபப்பட்டார் சார். கொட்டகையைப் பிரித்துப் பின்கட்டில் போட்டாயிற்று. மாடு மட்டும் சாயங்காலம் அவிழ்த்துவிட்டால் பழைய இடத்துக்கே போய் நிற்கிறது. சித்தப்பா ஓட்டிவிடுவதில்லை, வைக்கோல் கூடப் போடுகிறாராம்.