முகாமில் பேசிய பிள்ளை வகுப்பில் ஏன் பேசவில்லை?

மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

மாணவர்கள் ஒரு கிராமத்தில் தங்கிச் சேவை செய்யும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் எப்படி நடக்கும் என்பது இங்கே அனைவருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகைப் பதிவுக்குக்கூட முணுமுணுப்பாகப் பதில் சொல்லும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வாய்க்கால் தூர்வாரும் குழுவுக்குச் சீட்டுக் குலுக்கலில் தலைவியானாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, வாய்க்காலை விட்டுவிட்டுத் தம் வீட்டு முன்னால் மண்டியிருக்கும் சீமைக் கருவேலத்தை முதலில் வெட்டச் சொன்னார். நான் எழுந்து போவதற்குள், அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "தாத்தா, நேற்று ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்த வேலை இது. முடித்துவிட்டு அங்கே வருகிறோம். உங்கள் பேரனையும் அனுப்பினீர்கள் என்றால் இன்றைக்கே முடிந்துவிடும்" என்றாள். பேரன் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தான்.

பள்ளி திறந்ததும் மறுபடி கடைசி பெஞ்சு, மறுபடி மௌனம். காரணம் கேட்டேன். "அங்கே வேலை இருந்தது, டீச்சர். இங்கே கேள்வி மட்டும்தானே இருக்கிறது" என்றாள். அந்தப் பதில் என்னை இன்னும் விடவில்லை.

முன்னாள் சாரணர், திருச்சி

இதில் வியக்க எதுவும் இல்லை. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே, 20 பேர் அளவிலான சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். ஐந்தாறு பேர் கொண்ட அணியில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. நாற்பது பேர் வகுப்பில் முடியும். நடைப்பயணத்தில் பாதை பிரிந்த இடத்தில், என்னைவிட இளையவன் ஒருவன் என் முகத்தையே பார்த்து, "அண்ணா, எந்தப் பக்கம்?" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. சாரண ஆசிரியர் வேண்டுமென்றே பின்தங்கி நடந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தேசிய மாணவர் படை மாணவியின் தந்தை, கோவை

சாரணர் நண்பர் எண்ணிக்கையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகள் அணிவகுப்பில் முதன்முறை 'சாவ்தான்' (நேராக நில்) என்று கட்டளை கொடுத்தபோது எதிரே மூன்று வரிசை நின்றது. குரல் உடைந்தது, பாதிப் பேர் அசைந்தார்கள், மீதிப் பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். அத்தனை காலணியும் ஒன்றாக விழுந்தன. கூட்டம் பெரிதாக இருந்ததால்தான் அவளுக்கு அந்தக் குரல் வந்தது என்பது என் கருத்து. ஆனால் அதே மகள் உறவினர் வீட்டில் இன்னும் என் பின்னால்தான் நிற்கிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஓய்வுபெற்ற நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்

என் அனுபவம் சிறியது: ஒரு முகாமில் காய்கறிச் செலவைப் பார்த்த மாணவன், கடைக்காரர் எடையில் ஏமாற்றுவதைக் கண்டுபிடித்து, கடையையே மாற்றினான்.

ஆசிரியை கேட்கவில்லை, ஆயினும் சொல்கிறேன். காந்தி நூற்றாண்டான 1969-இல் இத்திட்டம் தொடங்கப்பட்டது சேவையின் வழியே மாணவர்களின் ஆளுமையை வளர்ப்பதற்காக. தலைமைப் பண்பு வேலையின் ஊடே தானாக வருவது. அதனால்தான் 'ஆளுமை வளர்ச்சி' என்று பெயரிட்டு ஒரு நாள் முழுக்க உட்கார வைத்துப் பேசும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த மாணவியைப் பேச்சுப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். ஆய்வகப் பொருள்களின் இருப்புப் பதிவேட்டையோ பள்ளித் தோட்டத்தையோ அவள் பொறுப்பில் விடுங்கள். உதவிக்கு நான்கு பேரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒரு முறை பொறுப்பை மாற்றுங்கள், இல்லையேல் முதல் மதிப்பெண் எடுப்பவரே எல்லாவற்றுக்கும் தலைவராகிவிடுவார். சேதமோ பற்றாக்குறையோ வந்தால், தலைமையாசிரியரிடம் அவளே போய் விளக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். முக்கியமாக, பதிவேட்டை உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்; சாவி அவளிடம் இருக்கட்டும்.