சின்னம்மாவின் மார்பில் கட்டி: இலவச முகாம் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் நாங்கள் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு 49 வயதில், 2022-ஆம் ஆண்டில், இடது மார்பில் இரண்டாம் கட்டப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. மார்பை அகற்றி, கீமோவையும் கதிர்வீச்சுச் சிகிச்சையையும் முடித்து, இப்போது தினமும் தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். நான் இங்கே எழுதுவதற்கு முதற்காரணம் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா.

சின்னம்மாவுக்கு வயது 46. குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குப் புல் வெட்டுவதும், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குவதும்தான் வேலை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் கிடையாது, மருத்துவக் காப்புறுதியும் கிடையாது. குளிக்கும்போது வலது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டதாகவும், வலி எதுவும் இல்லை என்றும் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அக்டோபர் மாதத்தில் எங்காவது இலவச மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) முகாம் போடுவார்கள், அப்போது போய்க்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். அவர் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவுக்கு வந்தது தங்கைக்கும் வந்துவிட்டது என்று தோட்டத்தில் பேச்சு கிளம்பினால் சம்பந்தம் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறார்.

முகாம் வரும்வரை காத்திருக்கலாமா? காப்புறுதி இல்லாதவர் நேரே மருத்துவமனைக்குப் போனால் எவ்வளவு செலவாகும்? அம்மா மீண்டும் தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மாலையில் அவருடைய இடது கை கனத்து, வளையல் பதிந்த தடம் நெடுநேரம் மறையாமல் இருக்கிறது. இதுவும் வழக்கமானதுதானா? எனக்கு 27 வயது. நான் இப்போதே ஏதேனும் சோதனை செய்துகொள்ள வேண்டுமா? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, கோல சிலாங்கூர்

மகளே, முதற்கேள்விக்கு என் பதில்: காத்திருக்கக் கூடாது, ஒரு வாரம்கூட. முகாம்களில் நடக்கும் முன்சோதனை எந்த அறிகுறியும் இல்லாத பெண்களுக்கானது. கையில் தட்டுப்படும் கட்டி ஒன்று இருக்கும்போது உங்கள் சின்னம்மாவுக்குத் தேவைப்படுவது அந்தக் கட்டி என்னவென்று கண்டறியும் சோதனை, அதற்கான வழி அரசாங்கக் கிளினிக்கில் தொடங்குகிறது. நாளைக் காலையிலேயே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். "மார்பில் கட்டி இருக்கிறது, அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது" என்ற இரண்டையும் பதிவு செய்யுமிடத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்ச்சல் மாத்திரையோடு திரும்பிய பெண்களை என் பணிக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, தாதி ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றோ தயங்காமல் கேட்கலாம்.

கிளினிக்கில் மருத்துவர் இரு மார்பையும் அக்குளையும் கையால் சோதித்து, பொது மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருவார். புற்றுநோய் என்று சந்தேகிக்கப்படும் கட்டியை இரண்டு வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டியில் உள்ள முறை. ஆகவே, சில மாதங்கள் தள்ளித் தேதி கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடாதீர்கள். கடிதம் எழுதிய மருத்துவரிடமே திரும்பிப் போய், தொலைபேசியில் பேசித் தேதியை முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். நிபுணரைப் பார்க்கும் கட்டணம் குடிமக்களுக்கு ஐந்து ரிங்கிட் அளவில்தான் இருக்கும். வார்டில் தங்க நேர்ந்தாலும் மூன்றாம் வகுப்புக் கட்டணம் நாளுக்குச் சில ரிங்கிட்டே. காப்புறுதி இல்லை என்பதற்காக அரசாங்க மருத்துவமனையில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. தோட்டப்புறக் குடும்பங்களுக்கு உண்மையில் பாரமாவது வண்டிச் செலவும் இழந்த நாள்கூலியும்தான்.

நிபுணர் கையால் சோதித்து, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்து, பிறகு ஊசியின் வழியே கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்த பிறகே ஊசி போடுவார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. அதை நம்பிப் பயாப்சி எனப்படும் இந்தச் சோதனையை மறுத்தவர்கள் இழந்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லப்பட்டாலும், கட்டி கையில் தட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்வரை விஷயம் முடிந்துவிடவில்லை. மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும் பெண்களுக்கு மேமோகிராம் படத்தில் கட்டி மறைந்துபோகலாம்.

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதையும் சின்னம்மாவிடம் சொல்லுங்கள், அது உண்மை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசியப் பெண்களில் 27 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. இந்தியப் பெண்களிடையே அது 23 பேரில் ஒருவர். கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். 2007 முதல் 2011 வரை கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்ததில், ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதம் முதல் கட்டத்தில் 87.5 விழுக்காடாகவும், மூன்றாம் கட்டத்தில் 59.7 விழுக்காடாகவும், நான்காம் கட்டத்தில் 23.3 விழுக்காடாகவும் இருந்தது. முகாம் வரும்வரை பொறுத்திருப்பதால் கைவிட்டுப் போகக்கூடியது இந்த வேறுபாடுதான்.

சம்பந்தம் பற்றிய அச்சத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். தோட்டத்து வரிசை வீடுகளில் எதுவும் நெடுநாள் மறைவாக இருப்பதில்லை. ஆனால் மருத்துவமனைக்குப் போவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவமனைப் பணியாளர்களும் நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. சித்தப்பாவுக்கு மட்டுமாவது தெரிவது நல்லது, ஏனென்றால் சிகிச்சை தேவைப்பட்டால் அவர் துணை இல்லாமல் அது கடினம்.

பதில்: சிகிச்சை முடித்தவள், புக்கிட் ரோத்தான்

சின்னம்மாவைப் பற்றித் தாதி அக்கா சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன், தங்கச்சி. எனக்கும் அதே அறுவைச் சிகிச்சை, அதே மாத்திரை.

வளையல் தடம் மறையவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றினாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ, கையிலிருந்து நீர் வடியும் பாதை குறைந்து கை வீங்கத் தொடங்கலாம். சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். பலருக்கு வருவதுதான், ஆனால் வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. மோதிரம் இறுகுவது, ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிப்பது, முழங்கைக்கு மேல் கனம் தெரிவது ஆகிய தொடக்க நிலையிலேயே மருத்துவரிடம் சொன்னால், உடலியக்கச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கே இரு கைகளையும் குறிப்பிட்ட இடங்களில் நாடாவால் அளந்து எழுதிவைத்து, அழுத்தக் கையுறை அணிவதற்கும், நீரை மேல்நோக்கி மெதுவாகத் தள்ளும் மசாஜுக்கும், உடற்பயிற்சிக்கும் பழக்குவார்கள். கையை அசைக்காமலே வைத்திருப்பது நல்லதன்று. எடையைச் சிறிதுசிறிதாகக் கூட்டிப் பயிற்சி செய்வது உதவுகிறது.

தோட்ட வேலை செய்பவர்களுக்கு என் மிகப் பெரிய கவலை முள். செம்பனை மட்டையின் முள்ளோ உதிரிப்பழத்தோடு கிடக்கும் சிராயோ அந்தக் கையில் குத்தினால், மற்றவர்களுக்குச் சிறு காயமாக ஆறிவிடுவது நமக்கு முழுக் கையும் சிவந்து காய்ச்சலாக மாறிவிடலாம். தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் அம்மா பழத்தில் கை வைக்கக் கூடாது. குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவ வேண்டும். சிவப்பும் சூடும் பரவினால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும், மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

தமோக்சிஃபெனைப் பொதுவாக ஐந்தாண்டும், சிலருக்குப் பத்தாண்டு வரையும் சாப்பிடச் சொல்வார்கள். உடம்பு திடீரென்று அனலாகக் கொதிப்பதும் இரவில் வியர்த்துத் தூக்கம் கெடுவதும் அதனால்தான். அது தாங்காமல் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கட்டி போய்விட்டதே, இனி எதற்கு என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது மிஞ்சியிருக்கும் செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கிடைக்காமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை, அதனால் நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாத்திரையால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் ஆபத்து சிறிதளவு கூடுகிறது. மற்ற மார்புக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் தேவை. தேதி கொடுக்க மறந்துவிட்டால் நாமே கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். அம்மா உள்ளாடைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்கிறாரா? எடை சமமாக இல்லாததால் கழுத்தும் தோளும் வலிக்கும். 1986-இல் தொடங்கப்பட்ட மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் பெட்டாலிங் ஜெயாவில் இயங்குகிறது. வருமானம் குறைந்த பெண்களுக்குச் செயற்கை மார்பகத்தையும் அதற்கேற்ற உள்ளாடையையும் பெற அவர்கள் உதவுகிறார்கள். சிகிச்சை முடித்த பெண்களே அங்கே தொண்டர்களாக இருந்து அளவு பார்த்துப் பொருத்திக் காட்டுகிறார்கள். மாதக்கணக்கில் சால்வையைக் கீழே போடாமல் இருந்த நான், அந்தச் செயற்கை மார்பகத்தை அணிந்துகொண்டு கோயில் திருவிழாவுக்குப் போனேன்.

பதில்: படிவம் நிரப்ப உதவுபவர், கோயில் மண்டபச் சேவைக் குழு

கட்டி எதுவும் இல்லாத மற்றப் பெண்களுக்காக இதைச் சேர்க்கிறேன். உங்கள் கேள்வியைப் படிக்கும் பலருக்கும் இது தேவைப்படும்.

எஸ்.டி.ஆர். எனப்படும், வருமானம் குறைந்தோருக்கான அரசாங்க உதவித்தொகையைப் பெறுபவரும் அவருடைய துணைவரும் 40 வயதை எட்டியிருந்தால் பெக்கா பி40 எனும் அரசாங்கத் திட்டத்தில் இலவச உடல்நலச் சோதனைக்குத் தகுதி பெறுகிறார்கள். 2019-இல் தொடங்கிய இத்திட்டத்தில் இரத்தம், சிறுநீர்ச் சோதனைகளோடு, பெண்களுக்குக் கையால் செய்யும் மார்பகப் பரிசோதனையும் உண்டு. டவுனில் உள்ள தனியார் கிளினிக்குகளில் பலவும் இதில் பதிவு பெற்றவை. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் தகுதியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சோதனை முடிவைக் கேட்க இரண்டாவது முறை போக வேண்டும். பலர் அந்த இரண்டாவது முறைக்குப் போவதில்லை என்பதுதான் எங்கள் குழுவின் ஓயாத கவலை. இதே திட்டத்தில், அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் உள்ளவர்களுக்கு 500 ரிங்கிட் வரை போக்குவரத்து உதவியும் உண்டு. நிபந்தனைகளை மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

மேமோகிராமுக்கு எல்.பி.பி.கே.என். எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் உதவித் திட்டம் இருக்கிறது. குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்ட, 40 வயதைக் கடந்த பெண்கள் வாரியத்தின் கிளினிக்கில் பதிந்துகொண்டால், குறிப்பிட்ட மேமோகிராம் நிலையத்துக்கு அனுப்புவார்கள். சொக்சோ சந்தா கட்டும் பெண்களுக்கு அந்நிறுவனத்தின் உடல்நலச் சோதனைத் திட்டமும் உண்டு. குத்தகைக்காரர் சந்தா கட்டாததால் உங்கள் சின்னம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு மூடிக்கிடப்பது பெரிய அநியாயம். அதற்கான புகாரைச் சொக்சோ அலுவலகத்தில் கொடுக்கலாம். கட்டியின் விவரம் தெரிந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்வோம்.

முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்களும் மண்டபத்தில் நடத்துகிறோம், வரவேற்கிறோம். ஆனால் மேமோகிராமில் ஏதோ தெரிகிறது என்று தாள் வந்த பிறகு அந்தப் பெண்ணை யார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று சொல்ல முடியாத முகாமை இனி ஏற்பதில்லை என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். அறிகுறியோடு வரும் பெண்ணுக்கு 60 நாளுக்குள் நோய் கண்டறியப்பட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்துள்ள இலக்கு. படம் எடுப்பதோடு கடமை முடிந்தது என்று போகும் முகாமால் அது நடக்காது.

உங்களைப் பொறுத்தவரை, தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்த பெண்ணுக்கு ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. 20 முதல் 39 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கில் கையால் பரிசோதனை செய்துகொள்ளலாம். அம்மாவுக்கு 49 வயதில் வந்ததைச் சொல்லி, உங்களுக்கு மேமோகிராமை எந்த வயதில் தொடங்குவது என்று கேளுங்கள். உறவினருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகத் தொடங்குவது பல மருத்துவர்கள் பின்பற்றும் முறை.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சின்னம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். பெண் மருத்துவர் பொறுமையாகச் சோதித்து, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து, அங்கேயே தொலைபேசியில் பேசி அடுத்த வாரத்துக்குத் தேதியும் வாங்கிவிட்டார். சித்தப்பாவிடம் சின்னம்மாவே சொல்லிவிட்டார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அவரும் வருகிறார். அம்மாவின் கையைப் பற்றி அவருடைய அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திராமல் முன்னதாகவே போய்ச் சொல்லப் போகிறோம். கிள்ளானுக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, கோல சிலாங்கூர்

நல்லது மகளே. அடையாள அட்டை, கிளினிக் கடிதம், அவர் சாப்பிடும் மற்ற மருந்துகள், அம்மாவின் நோய் விவரம் உள்ள தாளின் நகல் ஆகியவை போதும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை அணியச் சொல்லுங்கள். அக்குளில் பவுடரோ வாசனைத் திரவியமோ பூச வேண்டாம், மேமோகிராம் படத்தில் அது புள்ளியாகத் தெரியும். கிள்ளான் மருத்துவமனையில், கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பின் துணையோடு தொடங்கப்பட்ட நோயாளி வழிகாட்டல் சேவை இருக்கிறது. எந்த அறைக்கு அடுத்துப் போவது, எந்தத் தேதிக்கு எது என்று தடுமாறும்போது அவர்களைத் தேடிக் கேளுங்கள். பயாப்சி முடிவுக்கான தேதியைக் கையில் வாங்காமல் அங்கிருந்து புறப்படாதீர்கள்.