ட்ரெடிலில் கல்யாணப் பத்திரிகை: சுழி அடைக்கிறது, பிள்ளையார் வெளுக்கிறார்

ஈயக்கட்டை:
வணக்கம். 10க்கு 15 அங்குல ட்ரெடில் (மிதி அச்சு இயந்திரம்), பாலிமர் பிளாக் (எழுத்தும் படமும் மேடாக நிற்கும் பிளாஸ்டிக் அச்சுத்தகடு), 300 ஜிஎஸ்எம் கைத்தயாரிப்புப் பருத்தித் தாள், 200 பத்திரிகை. ண, ணை, ஞ எல்லாவற்றிலும் சுழிக்குள் மை அடைத்துக்கொள்கிறது. மையைக் குறைத்தால் மேலே உள்ள பிள்ளையார் திட்டுத்திட்டாக வெளுக்கிறார். பேக்கிங்கில் (அடிக்கும் தாளுக்குப் பின்னால் வைக்கும் தாள் அடுக்கில்) இரண்டு தாள் கூட்டினேன், பின்பக்கம் புடைத்ததுதான் மிச்சம்.

மைத்தட்டு:
கூட்டிய இரண்டு தாளையும் முதலில் எடுங்கள். அழுத்தம் கூடினால் தாள் சுழிக்குள் இறங்கி, எழுத்தின் பக்கச்சுவரில் இருக்கிற மையையும் எடுத்துக்கொள்ளும்.

பிறகு ரோலர் உயரம். பேஸோடு (பிளாக்கைத் தாங்கும் அடிக்கட்டையோடு) சேர்த்துப் பிளாக்கின் உயரம் 0.918 அங்குலம் இருக்க வேண்டும். அதே உயரமுள்ள கேஜை (அளவுக்கருவியை), பிளாக் உட்காரும் பெட்டில் வைத்து ரோலரை மேலே ஓட்டிப் பாருங்கள். கேஜில் பதியும் மைக்கோடு 3 மி.மீ. அகலம் போதும். அதைவிட அகலமென்றால் ரோலர் தாழ்ந்திருக்கிறது, எழுத்தை மேலே தொட்டுப் போகாமல் ஓரத்தை வழித்து மையை உள்ளே தள்ளுகிறது. ரோலரின் சக்கரம் ஓடும் ரயிலில் டேப் ஒரு சுற்று ஒட்டி மறுபடி பாருங்கள். நான்கு மூலையிலும் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருப்பதுதான் அதிகம்.

பழைய ஃபாரம்:
ரோலர் சரியானாலும் பிள்ளையார் சரியாக மாட்டார். நிறைப்பரப்பு கேட்கிற மை வேறு, 10 பாயிண்ட் எழுத்து கேட்கிற மை வேறு. இரண்டையும் ஒரே ஃபாரத்தில் (ஒரே தடவையில் அடிக்கப் பூட்டும் சட்டத்தில்) பூட்டினால் ஒன்று கெடத்தான் செய்யும். பிளாக்கை வெட்டிப் பிரித்து இரண்டு ஓட்டமாக அடியுங்கள். பிள்ளையாரை முதல் நாள் சிவப்பில், தாராள மையோடு; எழுத்தை மறுநாள், மெல்லிய மையில்.

அப்போது லே (ஒவ்வொரு தாளையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது) முக்கியம். கைத்தயாரிப்புத் தாளின் பிசிறு விளிம்பு, தாளை நிறுத்தும் கேஜ் பின்னில் ஒரே இடத்தில் உட்காராது. கீழ் ஓரத்தையும் இடது ஓரத்தையும் நேராக வெட்டிக்கொண்டு, பிசிறை மற்ற இரண்டு பக்கம் விடுங்கள். தாளை லேசாக ஈரப்படுத்தி அடித்தால் குறைந்த அழுத்தத்திலேயே நல்ல பதிவு விழும். ஆனால் ஈரத்தில் தாள் விரியும். ஒரு ஓட்டம் ஈரத்தில், அடுத்தது காய்ந்த தாளில் என்றால் இரண்டும் பொருந்தாது. 230 தாளாவது எடுத்து வையுங்கள்.

ஈயக்கட்டை:
மூன்று சுற்று டேப்பில் கோடு சரியாக வந்துவிட்டது, ணை திறந்துவிட்டது. பிளாக்கைப் பிரிக்கிறேன். மூலையில் மஞ்சள் எப்போது வைக்கலாம்? ஈய எழுத்தில் இதே ஆழம் வருமா?

மைத்தட்டு:
எழுத்து அடித்து ஒரு நாள் கழித்து, விரலால் தேய்த்தால் மை ஒட்டாதபோது வையுங்கள். மஞ்சளை நீர்க்கக் கரைத்தால் பருத்தித் தாளில் ஊறி எழுத்து வரை ஓடும். கெட்டியாகக் குழைத்து விரல் நுனியால் தொட்டு வைப்பதே நல்லது. ஈய எழுத்தை ஆழமாக அழுத்தவே வேண்டாம், முகம் மழுங்கிப்போகும். இனி வார்க்கக் கிடைக்காத எழுத்து அது. தொட்டும் தொடாமலும் அடியுங்கள், அதன் அழகே அதுதான்.