'தழுவல்' போதாது, 'வழிப்படம்' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் திரையிட்டது அமெரிக்க இயக்குநர் பிரையன் டி பால்மாவின் 'டிரெஸ்டு டு கில்' (1980). பார்வையாளர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். அதில், திகில் பட இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக்கை நினைத்து, 'ஹிட்ச்காக் தழுவல்' என்று போட்டுவிட்டேன். படம் முடிந்ததும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி தாளை நீட்டி, "எந்தக் கதையத் தழுவுனாங்க சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. திரைக்கதை டி பால்மாவே எழுதியது. அவர் எடுத்துக்கொண்டது ஹிட்ச்காக்கின் நடையை. இப்படி முன்னோடி ஒருவரின் நடையில் எடுத்த படத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) கதாநாயகி என்று நாம் நம்பியவள் பாதிப் படம் தாண்டுமுன்பே குளியலறையில் கொல்லப்படுகிறாள். டி பால்மா படத்தில் மின்தூக்கியில், சவரக்கத்தியால். அதற்கு முன் அருங்காட்சியகத்தில் அவளும் முன்பின் தெரியாத ஒருவனும் மாறி மாறிப் பின்தொடர்கிறார்கள். பேச்சு ஏறக்குறைய இல்லை. கேமரா அறை அறையாக ஊர்கிறது. அவள் கையுறை ஒன்று கீழே விழுகிறது. அருங்காட்சியகத்தில் இப்படியொரு பின்தொடர்தல் வரும் ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' (1958) பார்த்தவருக்கு எங்கே நிற்கிறோம் என்று உடனே பிடிபடும். தன் 'அப்செஷன்' (1976) படத்துக்கோ, டி பால்மா 'வெர்ட்டிகோ'வின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனையே அழைத்து வந்தார். இதில் ஒளிவுமறைவே இல்லை.

இதற்கு 'நகல்' என்பது வசை, 'பகடி' என்பது கேலி. குழுவில் அண்ணன் சொன்ன 'பாணிப்போலி' (ஒருவர் பாணியைப் போலச் செய்தது) கிட்டத்தட்ட வருகிறது. இலக்கணத்தில் 'போலி' (பொருள் மாறாமல் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்று வருவது) கௌரவமான சொல்தான், ஆனால் கடைத்தெருவில் அது போலி மருந்து, போலிச் சான்றிதழ்.

அதனால் நான் முன்வைக்கும் சொல் 'வழிப்படம்'. இலக்கண நூலான நன்னூல் முதல், வழி, சார்பு என்று நூலை மூன்றாக வகுக்கிறது. வழிநூல் முன்னோர் நூலின் முடிபோடு (முடிந்த கருத்தோடு) ஒத்து, "பின்னோன் வேண்டும் விகற்பம்", அதாவது பின்வந்தவர் விரும்பும் வேறுபாடு, கூறும். டி பால்மா திரையை இரண்டாகப் பிளந்து காட்டுகிறாரே, அது பின்னோனின் விகற்பம்! முடிபு என்பது பொருளைப் பற்றியது, நடையைப் பற்றியதல்ல என்று மறுக்கலாம். நூலுக்கு முடிபு எப்படியோ, திகில் படத்துக்குக் காட்டும் முறை அப்படி என்பது என் எண்ணம்.

'வழிப்படம்' என்றதும் சாலை வரைபடமோ என்று வீட்டில் கேட்டார்கள். தனியாக நின்றால் அந்தக் குழப்பம் உண்டு. முன்னோர் பெயரைச் சேர்த்து 'ஹிட்ச்காக் வழிப்படம்' என்று எழுதினால் தீர்ந்துவிடுகிறது.

வரும் சனிக்கிழமை 'அப்செஷன்'. குறிப்பை வியாழன் இரவு அச்சுக்குக் கொடுக்கிறேன். மறுப்போ மேலான சொல்லோ இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.