அடிமை முறை ஒழிஞ்ச நாள் கொண்டாட்டத்த நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா?

எனக்கு சொந்த ஊரு காரைக்கால், கல்யாணம் ஆகி வந்தது ரியூனியன் தீவு. மொரீஷியஸ் பக்கத்துல இருக்கு ஆனா பிரான்ஸோட சேந்தது, செலவெல்லாம் யூரோலதான். இங்க டிசம்பர் 20 அரசு விடுமுறை, இங்க பேசுற கிரியோல் மொழியில ஃபெத் காஃப்னு சொல்வாங்க. 1848ல அன்னிக்குத்தான் சர்தா கரிகான்னு பாரிஸ்ல இருந்து வந்த கமிஷனர் இனிமே யாரும் அடிமை இல்லைன்னு அறிவிச்சாரு. சுமார் 62,000 பேரு, தீவு ஜனத்துல பாதிக்கு மேல!

பகல்ல ஊர்வலம், மேடைப் பேச்சு, அதெல்லாம் எந்த ஊர் அரசு விழாவுலயும் பாக்கிறதுதான். ராத்திரி நடக்கிற கபார்தான் விசேஷம். கடற்கரையிலயோ யாரு வீட்டுக் கொல்லையிலயோ கூடி விடிய விடிய மலோயாங்கிற பாட்டு பாடுவாங்க. ரூலேர்னு பீப்பாய் மாதிரி மேளம், அத படுக்கப் போட்டு மேலயே ஏறி உக்காந்து அடிக்கிறாங்க. கயாம்ப்னு இன்னொன்னு, கரும்புப் பூந்தண்டை வரிசையா கட்டி உள்ள விதை போட்டது, ரெண்டு கையால புடிச்சு ஆட்டறத பாத்தா நம்ம வீட்ல முறத்துல அரிசி புடைக்கிற மாதிரியே இருக்கும். ஒருத்தர் எடுத்துக் குடுக்க கூட்டமே திருப்பிப் பாடும். மலோயாவ 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் அரசாங்கத்துக்கு ஆகாத பாட்டு இது. டிசம்பர் 20ஐயே லிச்சிப் பழத் திருவிழான்னு மாத்தி வச்சிருந்தாங்களாம், சீசன் அதுதான், ரோட்டோரம் பூரா லிச்சி குவிஞ்சு கிடக்கும். லீவு விட்டதே 1980கள்லதான்.

லிச்சி கதைய சொன்னது பக்கத்து வீட்டுப் பெரியவர். அவரு பேர்ல தமிழ் இருக்கு, வாயில இல்ல. பாண்டியாலேன்னு இங்க சொல்ற நம்ம பாஞ்சாலிக்கு தீ மிதிப்பாரு, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் போவாரு, ரெண்டுக்கும் சண்டையே கிடையாது. அம்மா வழியில அடிமையா இருந்தவங்க, அப்பா வழியில கரும்பு வெட்ட ஒப்பந்தத்துல வந்த நம்மாளு. நான் காரைக்கால்னு சொன்னதும் "அங்க இருந்துதானே கப்பல் ஏத்துனாங்க"ன்னாரு, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அப்புறம் அவரே உக்காந்து சொன்னாரு, விடுதலைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அதே சர்தா கரிகா எல்லாரும் யாராவது ஒரு முதலாளிகிட்ட வேலை ஒப்பந்தம் போட்டே ஆகணும்னு உத்தரவு போட்டுட்டாராம், அப்புறம் நஷ்ட ஈடு முதலாளிங்களுக்குத்தான், உழைச்சவனுக்கு ஒண்ணும் இல்ல, ஒப்பந்தம் முடிஞ்சதும் நிறைய பேரு தோட்டம் பக்கமே தலை வச்சுப் படுக்கல, கரும்பு வெட்ட ஆள் வேணுமே, பாண்டிச்சேரி காரைக்கால் பக்கம் வந்து ஆயிரக்கணக்குல ஏத்திட்டுப் போனாங்க. "அம்மா பக்கத்துக்கு இன்னிக்கு ஆடுறேன், அப்பா பக்கத்துக்கு ஒரு லீவு கூட இல்லையே"ன்னு சிரிக்கிறாரு மனுஷன்.

*

எங்க ஊர்ல அதுக்கும் லீவு இருக்குங்க! நான் மொரீஷியஸ்ல வேலை பாக்குறேன். இங்க பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிஞ்ச நாள் (1835), நவம்பர் 2 ஒப்பந்தக் கூலிங்க வந்து இறங்கின நாள் (1834). தேதிய பாருங்க, விடுதலைக்கு மூணு மாசம் முன்னாடியே அடுத்த ஆளுங்கள இறக்க ஆரம்பிச்சுட்டான் வெள்ளைக்காரன், கணக்குல கெட்டி. பிப்ரவரி 1க்கு லெ மோர்ன் மலையடியில மலர்வளையம் வைப்பாங்க, தப்பி ஓடின அடிமைகள் ஒளிஞ்சிருந்த மலை அது. தைப்பூசக் காவடியும் ஏறக்குறைய அதே சமயம்தான், அதுக்கும் இங்க லீவு.

*

நான் ஹூஸ்டன். இங்க ஜூன் 19, ஜூன்டீன்த். லிங்கன் 1863 ஜனவரி 1லயே விடுதலைய அறிவிச்சாச்சு, டெக்சஸ்ல இருந்த ரெண்டரை லட்சம் பேருக்கு அது நடைமுறைக்கு வந்தது 1865 ஜூன் 19, கால்வெஸ்டன்ல ஜெனரல் கிரேஞ்சர் ராணுவத்தோட வந்து இறங்கி உத்தரவு போட்டப்போதான். ரியூனியன் அக்கா சொன்னத படிச்சதும் எனக்கு பக்குன்னு ஆச்சு, ஏன்னா இந்த உத்தரவுலயும் அதே கதைதான், நீங்கல்லாம் சுதந்திரம்னு சொல்லிட்டு கீழயே இப்ப இருக்கிற இடத்துலயே அமைதியா இருந்து கூலிக்கு வேலை பாருங்க, சும்மா உக்காந்தா ஆதரிக்க மாட்டோம்னும் எழுதியிருக்கும்.

ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தரு குடும்பத்தோட எமான்சிபேஷன் பார்க்குக்கு கூப்பிட்டாரு. விடுதலையான மக்களே காசு போட்டு 1872ல வாங்கின 10 ஏக்கர், இந்த நாள கொண்டாட இடம் வேணும்னே வாங்கினது. வெயில் மண்டைய பொளக்குது, அதுல பார்பிக்யூ புகை வேற. சாப்பாட்டுல சிவப்பு இருக்கணும், சிவப்பு சோடா, தர்பூசணி, ரெட் வெல்வெட் கேக், சிந்தின ரத்தத்துக்காகன்னு அவங்க அம்மா சொன்னாங்க. நான் சைவம், தர்பூசணியும் சோடாவுமா ஓட்டினேன். 2021ல தேசிய விடுமுறை ஆக்குனாங்க, அதுக்கு முக்கிய காரணம் ஓபல் லீ பாட்டி, 89 வயசுல நடைபயணம் கிளம்புனவங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல என்னடான்னா "லீவாமே, காஸ்ட்கோ கடை திறந்திருக்கா?"

*

டிசம்பர்ல ரியூனியன் வரேன், வெளியாளுங்க கபாருக்கு போலாமா? டிக்கெட் உண்டா?

*

தாராளமா போலாம். பெரிய மேடைக் கச்சேரி சிலதுக்கு டிக்கெட் இருக்கும், கடற்கரையில தெருவுல நடக்கிறதெல்லாம் ஃப்ரீ. வீட்ல நடக்குறதுக்கு மட்டும் யாராவது கூப்பிட்டா போங்க, ஏதாவது சாப்பிட எடுத்துட்டுப் போங்க, மசாலே போட்ட ஆட்டுக்கறி குடுப்பாங்க, நம்ம மசாலாவேதான், பயப்படாம சாப்பிடலாம். பாடுறப்போ மூஞ்சிக்கு நேரா ஃபோனை நீட்டாதீங்க, பெரியவங்களுக்கு பிடிக்காது. அன்னிக்கு பஸ் கம்மி, திரும்ப வர வண்டிக்கு முன்னாடியே சொல்லி வச்சுக்கோங்க.