பிரிண்ட் பண்ணின கிரவுன் கழன்று வருது, வழி சொல்லுங்க

பாளையங்கோட்டையில சின்ன பல் கிளினிக். நிரந்தர கிரவுனுக்கான (பல்லு மேல மாட்டுற உறை) செராமிக் கலந்த ரெசினை 405 நானோமீட்டர் ஒளியில இறுக வைக்கிற எல்சிடி 3டி பிரிண்டர்ல, 50 மைக்ரான் லேயர்ல அடிக்கேன். நாலு மாசத்துல 11 வச்சதுல 3 கழன்றுட்டு, மூணுமே கீழ்க் கடைவாய்ப் பல். ஒரு ஆச்சிக்கு அல்வாவோட ஒட்டியே வந்துட்டு. தாள்ல மடிச்சுக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. ஒரு கீறல் இல்ல. சிமென்ட் முழுக்கப் பல்லுலயே நிக்கி, கிரவுன் உள்பக்கம் வழவழன்னு சுத்தமா இருக்கு.

பிரிண்ட் ஆனதைக் கழுவுற ஆல்கஹால் புதுசா மாத்தியாச்சு, கழுவுற நேரத்தையும் குறைச்சாச்சு. க்யூரிங் (ஒளியில வச்சு இறுக வைக்கிறது) ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டுதான் பண்ணுதேன். உள்பக்கத்தைச் சொரசொரப்பாக்க 50 மைக்ரான் அலுமினாத் தூள் பிளாஸ்ட், ஒட்டுப் பிடிக்க சைலேன் பூச்சு, ஒளியிலயும் தானாவும் இறுகுற டூயல் க்யூர் ரெசின் சிமென்ட் எல்லாம் பார்த்தாச்சு. ஸ்டம்ப் (கிரவுனுக்காகச் செதுக்கின பல்) உயரம் 4 மில்லிமீட்டர், அதுல குறை சொல்ல முடியாது.

இதே மாதிரி ரெசின் கிரவுன் வைக்கிறவங்க, பிளாஸ்டுக்கு எவ்வளவு பிரஷர், அதுக்கு மேல என்ன பிரைமர் (சிமென்ட்டுக்கு முன்னால பூசுற ஒட்டுப் பூச்சு) போடுதீங்க?