செங்கோட்டை மேலத்தெரு குழு: மாடி ஏரியல் விஷயம்

சனிக்கிழமை, ராத்திரி 8.05

மெடிக்கல் அண்ணாச்சி: ஹாம் தம்பி, ஒரு விஷயம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நாலஞ்சு நியூஸ் சேனல் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுருது. மத்த சேனல் நல்லாத்தான் ஓடுது. உங்க மாடியில இருக்க ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காப் பேசுத ரேடியோ) ஏரியலாலதான்னு தெருவுல பேசிக்கிடுதாங்க. உங்ககிட்டயே கேட்டுருவோம்னு இங்க போடுதேன்.

டீச்சரக்கா: எங்க வீட்டுல டிவிக்கு ஒண்ணும் இல்ல. ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்ல கரகரன்னு யாரோ பேசுதாங்க. ஒரு வார்த்தை புரியல. செட்டை ஆஃப் பண்ணி வச்சிருந்தாலும் லேசா கேக்கு.

ஹாம் தம்பி: அண்ணாச்சி, அக்கா, நேரா கேட்டதுக்கு நன்றி. ரெண்டும் என் ஸ்டேஷனால வந்திருக்கலாம், ஆனா ரெண்டுக்கும் காரணம் வேற வேற. காரணம் தெரியுத வரைக்கும் சாயங்காலம் 7 மணிக்கு மேல டிரான்ஸ்மிட் பண்ணமாட்டேன். அதுக்கப்புறமும் உடைஞ்சா நேரத்தைக் குறிச்சு வைங்க. என் லாக் புக்ல இருக்க நேரத்தோட ஒத்துப் பாக்கலாம்.

ஹாம் தம்பி: அக்கா வீட்டுச் சத்தம் 7 மெகாஹெர்ட்ஸ்ல நான் எஸ்.எஸ்.பி.ங்க முறையில பேசுத நேரம்தான். அதுல அலையோட பலம் குரலுக்குத் தக்கன ஏறி இறங்கும். ஸ்பீக்கர் வயர் அதை ஏரியல் மாதிரி வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குள்ள விடும். உள்ள இருக்க ஐ.சி. சிப் அதைச் சத்தமா மாத்திரும், ஆனா குரல் சிதைஞ்சுதான் வரும். எஃப்.எம்.ல பேசினா இப்படிக் குரல் கேக்காது. பட்டனை அமுக்கையிலும் விடையிலும் ஒரு 'டப்' மட்டும் வரும். நீங்க சொன்ன அடையாளமே பாதி வேலையை முடிச்சிட்டு.

கேபிள் பாய்: நியூஸ் சேனல் மட்டும்னா என் பக்கமும் பாக்கணும். டிஜிட்டல்ல 8 மெகாஹெர்ட்ஸ் பட்டை ஒண்ணுக்குள்ள நிறைய சேனலை ஒண்ணாக் கட்டி அனுப்புதோம். ஒரு பட்டை கெட்டா அதுக்குள்ள இருக்கது எல்லாம் சேர்ந்து உடையும். அண்ணாச்சி, உடையுத சேனல் நம்பர் எல்லாத்தையும் போடுங்க, எந்தப் பட்டைன்னு பாத்துச் சொல்லுதேன்.

ஹாம் தம்பி: பாய், நான் பேசுத இன்னொரு அலைவரிசை 145 மெகாஹெர்ட்ஸ். அது பக்கம் உங்க பட்டை எதுவும் ஓடுதா?

கேபிள் பாய்: ஓடுது. ஆனா வயருக்குள்ளதான ஓடுது, வெளிய இருக்கது உள்ள வரக்கூடாதே.

புளியரை மாமா: அதான் பாய் விஷயம். வயரும் மூட்டும் ஒழுங்கா இருந்தா உள்ளது உள்ள, வெளியது வெளிய. இந்த ஊர் மழையில எஃப் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கும். கையால முறுக்கிப் போட்ட பழைய கனெக்டர்னா மேல்பின்னல் (வயரைச் சுத்தி இருக்க கம்பிவலை) எங்கயோ விட்டிருக்கும். வயரைப் பலதாப் பிரிக்க ஸ்ப்ளிட்டர்ல ஒரு வாய் சும்மா திறந்து கிடக்கும். அது வழியா 145 உள்ள வந்துரும். வயரை ஆர்.ஜி.6 ரகமாக்கி, அமுக்குக் கருவி வச்சுப் போடுத கம்ப்ரெஷன் கனெக்டர் போடுங்க. சும்மா கிடக்க வாயில 75 ஓம் டெர்மினேட்டர் மூடி ஒண்ணு மாட்டுங்க.

மெடிக்கல் அண்ணாச்சி: அப்போ கேபிள்காரங்க தப்பா, தம்பி தப்பா?

புளியரை மாமா: அண்ணாச்சி, அந்தக் கேள்விய இப்போதைக்கு ஓரமா வச்சிருவோம். ஹாம் ஆளுங்க பேர் கெடுததே அந்த இடத்துலதான். "எனக்கு லைசென்ஸ் இருக்கு, உங்க டிவியில கோளாறு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. கணக்குப்படி அது பல நேரம் சரியாக்கூட இருக்கும். ஆனா நீங்க பாத்த நியூஸ் உடைஞ்சது உடைஞ்சதுதானே? லைசென்ஸ் அலைவரிசைக்குக் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரங்க வாயை அடைக்கக் கொடுத்தது இல்ல. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சோதிங்க. முறை இது:

ஒருத்தர் டிவி முன்னால போன்ல இருக்கணும், ஒருத்தர் ரேடியோகிட்ட. 5 வாட்ல 10 செகண்ட் அமுக்கி, 20 செகண்ட் விடணும். பிறகு 25, பிறகு 50. எப்போ அமுக்குதோம்னு டிவிகிட்ட இருக்கவங்களுக்குச் சொல்லக்கூடாது, அவங்க பாத்ததை மட்டும் சொல்லட்டும். நேரம் ஒத்துவந்தா காரணம் உறுதி. 50ல உடைஞ்சு 5ல உடையலைன்னா மூட்டைச் சரி பண்ணினாலே போதும். 5லயே உடைஞ்சா கசிவு பெருசு, வாசல்ல இருந்து பெட்டி வரைக்கும் வயரை மாத்தணும்.

ஹாம் தம்பி: என் பக்கமும் இருக்கு. ஏரியல் வயர் நுனியில இருக்க பி.எல்.259 கனெக்டரோட மேல்பின்னல் சால்டரைப் புதுசாப் போடுதேன். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (ரெண்டு பக்கமா நீட்டிக் கட்டின கம்பி ஏரியல்) அடியில, 31 நம்பர் கலவையில 2.4 அங்குல ஃபெரைட் வளையம் வச்சு, கோஆக்ஸை (ஏரியல் வயரை) 10 சுத்து சுத்துதேன். வயரோட வெளித்தோல்ல ஓடி வீட்டுக்குள்ள வருத கரண்டை அது அடைக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஏரியல் பொருந்தாம அலை திரும்பி வருத அளவு) கூடுதலா இருக்கதால மட்டும் டிவி கெடாது, இந்த வெளித்தோல் கரண்ட்தான் பக்கத்து வீடு வரைக்கும் போகுது.

டீச்சரக்கா: எனக்கு என்ன செய்யணும்?

ஹாம் தம்பி: முதல்ல ஸ்பீக்கர் வயரை எல்லாம் கழட்டிட்டு ஹெட்ஃபோன்ல கேப்போம். சத்தம் போயிட்டா வழி ஸ்பீக்கர் வயர். போகலைன்னா கரண்ட் வயர் இல்ல டிவியில இருந்து வருத ஆடியோ வயர். வழி தெரிஞ்சதும் அந்த வயரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்து நுனியில அதே வளையத்துல 7 சுத்து சுத்தணும். வளையம் நான் கொண்டாரேன். கடையில சும்மா கிளிப் மாதிரி மாட்டிவிடுத ஃபெரைட் இதுக்குப் பத்தாது. சுத்து 7 மடங்கானா தடை கிட்டத்தட்ட 49 மடங்காகும். ஸ்பீக்கர் முனையில கெபாசிட்டர் போடச் சொல்லுவாங்க, போடாதீங்க. சில டிஜிட்டல் ஆம்ப் அதுல கெட்டுப்போகும்.

ராத்திரி 8.40

டீச்சரக்கா: இன்னொண்ணு கேக்கணும் தம்பி. மக பிரசவத்துக்கு வந்திருக்கா. அந்தக் கம்பியில இருந்து கதிர்வீச்சு வரும்னு சொல்லுதாங்களே. மறைக்காமச் சொல்லுங்க.

ஹாம் தம்பி: வரும் அக்கா. "கதிர்வீச்சே கிடையாது"ன்னு சில ஹாம் ஆளுங்க சொல்லுதது தப்பு. ஆனா எக்ஸ்ரே வகை வேற, இது வேற. இது எக்ஸ்ரே மாதிரி அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்காது, அளவு மிஞ்சினா உடம்பைச் சூடாக்கும். அதனால அளவைக் கணக்குப் போட்டே காட்டுதேன். 145ல அதிகபட்சம் 50 வாட். ஆன்டெனா ஒரு பக்கமாக் குவிக்கதைச் சேர்த்தா 82 வாட்னு வச்சுக்கிடுங்க. உங்க மாடி அறை அங்க இருந்து 10 மீட்டர் தூரம். அந்தத் தூரத்துக் கோளத்தோட பரப்பு 1256 சதுர மீட்டர். 82ஐ அதால வகுத்தா சதுர மீட்டருக்கு 0.065 வாட். தரை, சுவர் எதிரொலிச்சு மோசமா வந்தா 2.56 மடங்கு, அதாவது 0.167. ஐ.சி.என்.ஐ.ஆர்.பி.ங்க சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு இந்த அலைவரிசைக்குப் பொதுமக்களுக்குன்னு வச்ச அளவு சதுர மீட்டருக்கு 2 வாட். நம்ம நாட்டுல செல்போன் டவருக்கு 2012 செப்டம்பர்ல இருந்து உலக அளவுல பத்துல ஒண்ணுதான். அந்தக் கடுமையான கணக்குக்கு 0.2. அதுக்கும் கீழதான் வருது. அதுவும் விடாம அமுக்கிட்டே இருந்தாத்தான். பேசுதப்போ பாதி நேரம் நான் கேட்டுட்டுத்தான் இருப்பேன்.

புளியரை மாமா: தம்பி, 7 மெகாஹெர்ட்ஸ் கம்பிக்கு இந்தக் கணக்கு செல்லாதுன்னும் சொல்லிரு. அது கிட்டத்துல வேற மாதிரி வேலை செய்யும். அந்த டைபோலோட ரெண்டு நுனியிலயும் மின்னழுத்தம் அதிகம், 100 வாட்ல கைபட்டா சுட்டுரும். நுனி ரெண்டும் மொட்டைமாடித் தரையில இருந்து மூணு மீட்டருக்கு மேல இருக்கணும், துணி காயப்போடுத கொடிப் பக்கம் வரவே கூடாது. பிள்ளைங்க ஓடுத இடம்.

ஹாம் தம்பி: மேற்கு நுனி கொஞ்சம் தாழ்வாத்தான் இருக்கு மாமா. நாளைக்கே உயர்த்திருதேன்.

பக்கத்து வீட்டு மதினி: எனக்கு அலையும் தெரியாது வாட்டும் தெரியாது. ஆடிக் காத்துல அந்தக் குழாய் எங்க ஓட்டு மேல விழுந்தா? இடி இறங்கினா?

புளியரை மாமா: கேக்க வேண்டிய கேள்விம்மா அது. ஆனி, ஆடியில ஆரியங்காவுக் கணவாய் வழியா வருத காத்து மேற்கே இருந்து ஒரே திசையில தள்ளும். அதனால மேற்குப் பக்கத்து இழுவைக் கம்பிக்குத்தான் பாரம் அத்தனையும். 6 மீட்டர் ஜி.ஐ. குழாய்க்கு மூணுல ரெண்டு பங்கு உயரத்துல வளையம், மூணு இழுவை, ஒண்ணுக்கொண்ணு 120 டிகிரி. இழுவை கட்டுத உயரம் 4 மீட்டர்னா கீழ ஊன்றுத இடம் அடியில இருந்து மூணு மீட்டராவது தள்ளி இருக்கணும். கைப்பிடிச் சுவர்ல கட்டவே கூடாது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் காத்துல பேந்துரும். தூண், பீம் இருக்க இடத்துல கண்-போல்ட் இறக்கணும். கம்பி முனையில கிளாம்ப் ஒண்ணு பத்தாது, மூணு போடணும், கிளாம்போட சேணம் (வளைவு இல்லாத கட்டிப் பக்கம்) பாரம் வருத கம்பி மேல உக்காரணும். மாத்திப் போட்டா கிளாம்பே கம்பியை நசுக்கி அறுத்துரும்.

புளியரை மாமா: கரண்ட் கம்பி இருக்க பக்கம் குழாயோட முழு நீளமும் அதுக்கு மேல மூணு மீட்டரும் இடைவெளி வேணும். எந்தப் பக்கம் சாஞ்சாலும் தொடக்கூடாது. வைகாசிக்குள்ள ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பாக்கணும்.

ஹாம் தம்பி: இடிக்கு: குழாயில இருந்து வளையாம நேரா ஒரு செம்புப் பட்டை கீழ எர்த்துக்குப் போகுது. அந்த எர்த்தையும் வீட்டு கரண்ட் எர்த்தையும் தடிச்ச வயரால இணைச்சிருக்கேன். தனித்தனியா விட்டா இடி விழுதப்போ ரெண்டுக்கும் நடுவுல மின்னழுத்தம் ஏறி வீட்டுக்குள்ள சாமானம் வெடிக்கும். சித்திரை, ஐப்பசியில மேகம் கருக்கும்போதே கோஆக்ஸைக் கழட்டி வெளிய போட்டுரணும். இடி கேட்டப்புறம் கழட்டப் போகக்கூடாது.

மதினி: மேற்குக் கம்பி எங்க கட்டியிருக்குன்னு நாளைக்கு வந்து பாக்கேன்.

ஹாம் தம்பி: வாங்க மதினி, காட்டுதேன்.

ராத்திரி 9.10

வக்கீல் சார்: ஒரு சந்தேகம். எல்லைப் பக்கம் செக்போஸ்ட் இருக்கிற ஊர். வாக்கிடாக்கியில் பேசினால் போலீஸ் அலைவரிசை, உளவு என்று ஜனங்கள் நினைப்பது இயல்புதானே? ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்குகிறார்களே.

ஹாம் தம்பி: வாங்கினா போதாது சார். மத்திய தொலைத்தொடர்புத் துறை பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும், 12 வயசு ஆனா எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு வி.யு.3, ஜெனரல் தரத்துக்கு வி.யு.2ன்னு ஆரம்பிக்க கால்சைன் (ரேடியோ அடையாளப் பேர்) கிடைக்கும். பேசையில அதைச் சொல்லியாகணும். ரகசியக் குறியீட்டுல பேசக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. ரேடியோ வச்சிருக்க யாரும் கேக்கலாம், மறைக்க வழியே இல்ல. லைசென்ஸ் நகலை வாசல்லயே ஒட்டி வைக்கேன், போலீஸ் ஸ்டேஷன்லயும் நகராட்சியிலயும் ஒரு நகல் கொடுத்துருதேன்.

புளியரை மாமா: மலிவு செட்டு விஷயத்துல வக்கீல் சார் சொல்லுதது நியாயம். அதுல பாதி செட்டு 136ல இருந்து 174 வரைக்கும் திறந்துதான் வருது. ஹாமுக்கு 144-146 மட்டும்தான். லைசென்ஸ் இல்லாத பையன் ஒருத்தன் வேற எங்கயோ அமுக்கினா, பேர் நமக்குத்தான் வருது. ஆன்லைன் விற்பனையைக் கட்டுப்படுத்த 2025ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை போட்டிருக்கு. திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு வேணும்னு யாராவது கேட்டா, லைசென்ஸ் வேண்டாத 446.0-446.2 மெகாஹெர்ட்ஸ் சின்ன பவர் செட்டுதான்னு நாமளே சொல்லிரணும். நம்ம செட்டை ஒரு நாளும் இரவல் கொடுக்கக் கூடாது.

மெடிக்கல் அண்ணாச்சி: தம்பி, தப்பா நினைக்காதீங்க. கையில வாட்ஸ்அப் இருக்கு. இது எதுக்கு இன்னும்?

ஹாம் தம்பி: "வெள்ளம் வந்தா நாங்கதான் காப்பாத்துவோம்"னு எங்க ஆளுங்க நெஞ்சைத் தட்டுதது எனக்கும் பிடிக்காது அண்ணாச்சி. காப்பாத்துதது ஃபயர் சர்வீஸ், மீனவர்கள், மிலிட்டரி. எங்க வேலை தகவல் கடத்துதது. 2004 சுனாமியப்போ போர்ட் பிளேர்ல ஏற்கெனவே ரேடியோ போட்டிருந்த பாரதி பிரசாத் குழுதான் வெளிய தகவல் கொண்டுவந்தது. 2024 ஜூலை 30 வயநாடு சூரல்மலை நிலச்சரிவுக்குக் கல்பற்றா கலெக்டர் ஆபீஸ்ல ஹாம் நிலையம் போட்டாங்க. டவர் போன முதல் சில மணி நேரத்துக்கான வேலை அது.

ஹாம் தம்பி: நம்ம ஊருக்கு மலைதான் சிக்கல். 145 நேர்க்கோட்டுல போகும், புளியரை தாண்டினா ஆரியங்காவு மலை மறிச்சிரும். அதுக்குத்தான் அந்த 7 மெகாஹெர்ட்ஸ் கம்பி. மொத்த நீளம் 20 மீட்டர், பக்கத்துக்கு 10. அஞ்சாறு மீட்டர் உயரத்துல தாழ்வாக் கட்டினா அலை நெட்டுக்குத்தா மேல போய்த் திரும்பி இறங்கும். பகல்ல புனலூர், கொல்லம், மதுரை எல்லாம் கேக்கும், மலை குறுக்க வராது. ராத்திரி பக்கத்து ஊர் மறைஞ்சு தூரத்து ஊர்தான் கேக்கும், அதையும் தெரிஞ்சு வச்சிருக்கணும். பேட்டரி: 50 வாட்ல பேசையில 10 ஆம்பியர், கேக்கையில 0.6. அஞ்சுல ஒரு பங்கு நேரம் பேசினா சராசரி 2.5. 42 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில பாதியைத்தான் நம்பலாம், எட்டு மணி நேரம் வரும். 10 வாட்டுக்கு இறக்கினா பதினாறு வரைக்கும் இழுக்கும்.

வக்கீல் சார்: இப்படிக் கணக்கோடு சொன்னால் யாரும் எதிர்க்கமாட்டார்கள் தம்பி.

ஹாம் தம்பி: நன்றி சார். எனக்கும் தெருவுல ஒரு உதவி வேணும். ராத்திரி ஆனா ரேடியோவுல ஓயாம ஒரு இரைச்சல். யார் வீட்டுலயோ ஒரு பல்போ சார்ஜரோ. குறையாச் சொல்லல.

புளியரை மாமா: முதல்ல உன் வீட்டு மெயினை இறக்கிட்டு ரேடியோவைப் பேட்டரியில ஓட்டிப் பாரு. இரைச்சல் போச்சுன்னா சாமானம் உன் வீட்டுலதான். பாதிக்கு மேல அப்படித்தான் இருக்கும். போகலைன்னா பாக்கெட் ஏ.எம். ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சுத் தெருவுல நட. இரைச்சல் ஏறுத வீட்டு வாசல்ல நின்னு கேட்டுட்டு உள்ள போ. ஃபில்டர் இல்லாத மலிவு எல்.இ.டி. டிரைவர்தான் பெரும்பாலும். ஒரு நல்ல பல்பை நீயே வாங்கிட்டுப் போய் மாட்டிக் கொடு, மாத்தச் சொல்லிட்டு வராத.

டீச்சரக்கா: எங்க மாடிப்படி பல்பு மினுங்கிட்டே கிடக்கு தம்பி. நாளைக்கு வளையம் கொண்டாரப்போ அந்தச் சின்ன ரேடியோவையும் எடுத்துட்டு வாங்க.

கேபிள் பாய்: நான் பத்து மணிக்கு கம்ப்ரெஷன் டூலோட அண்ணாச்சி வீட்டுல இருப்பேன். ஸ்ப்ளிட்டர் மொட்டைமாடியிலதான், ஏணி மட்டும் எடுத்து வைங்க.